ஆர்தர் துரையின் விதவை

பியாட்ரிஸ் அம்மையார் ஒரு பக்கத்தைப் புரட்டி முடிப்பதற்குள் தியோடர் நாலு தடவை மூச்சு விட்டார். எண்ணிக்கொண்டே இருந்தார், எண்ணாமல் இருக்க முடியவில்லை. எண்பத்தொரு வயது விரல், நகக்கண்ணில் மண் படிந்த விரல், பிரபு வீட்டு அம்மாள் சொந்தத் தோட்டத்தில் தானே களை பிடுங்குவார் போலிருக்கிறது, அந்த விரல் பக்கத்தின் ஓரத்தைத் தொட்டுத் தூக்கி, காற்றில் அப்படியே நிறுத்தி, பெயர்களை வாய்க்குள் படித்து, பிறகுதான் மறுபக்கம் சாய்க்கிறது. அதில் ஒன்றும் இல்லை அம்மா. அந்தப் புத்தகத்தில் நீங்கள் தேடுவது ஒன்றுமே இல்லை. குன்னூருக்கு மேலே, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற புனித ஆஸ்வால்டு கோயிலின் வெஸ்ட்ரி அறை அது. பாதிரியார் அங்கி மாட்டும் ஆணி, காணிக்கைப் பைகள், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தியோடரின் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. பீரோ சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. சாவி இருக்கிற இடம் மட்டும் உடம்பில் தனியாகக் கனத்தது. தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டி ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா என்று ஆயர் கேட்டபோது, இதற்கு என்னைவிட்டால் வேறு யார் என்று தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொண்டவர். அவர் கையெழுத்தில் ஓர் அடித்தல் இருக்காது. அவர் எடுத்த நகலில் ஒரு பிழை இருந்ததாகச் சரித்திரம் இல்லை. பிழை இல்லை, பிழை வேறு, இது பிழை இல்லையே, பிழை என்றால் தெரியாமல் செய்வது. அம்மையார் இன்னொரு பக்கத்தைத் தூக்கினார். தியோடர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

அம்மையார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இங்கிலாந்தில் ஹெல்மார்ஷ் பிரபு வம்சம் என்று ஒன்று இருந்தது. அதில் மிஞ்சியிருக்கிற கடைசி ஆள் இவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கண்ணை மூடுவதற்குள் வம்சாவளியை ஒழுங்காக எழுதி அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று எட்டு வருஷமாக ஊர் ஊராகக் கடிதம் போடுகிறார். எல்லாக் கிளையும் பிடிபட்டுவிட்டது, ஒரு கிளை மட்டும் மொட்டையாக நின்றது. அவருடைய தாத்தாவின் தம்பி ஆர்தர். இந்த மலையில் தேயிலை போட வந்து, முப்பது வயதில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தவர். இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ‘என் மனைவி’ என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தாராம். மனைவியாவது, எந்தக் கோயிலில், யார் முன்னால், பொய்யன் என்று சொல்லி அவருடைய அப்பா படத்தைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாராவது சின்னப் பொய் சொன்னால்கூட ‘ஆர்தர் மாதிரி’ என்றுதான் சொல்வார்கள் என்று அம்மையார் எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை என்று யாராவது எனக்குச் சொல்ல மாட்டார்களா என்று சிறுவயதிலிருந்து நினைக்கிறேன், உங்கள் கோயிலில் அந்தத் திருமணம் நடந்ததாகப் பதிவு இருக்கிறதா, நான் அறியாத வேறு ஏதேனும் புத்தகம் இருக்கிறதா? பதினோரு மாதத்துக்கு முன்னால் வந்த கடிதம். அதற்குத் தியோடர் நாலு நாள் கழித்துப் பதில் எழுதினார். அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை, அவர் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். ‘முழுமையாகத் தேடிப் பார்த்ததில் அப்படிப் பதிவு எதுவும் இல்லை. வேறு புத்தகமும் இல்லை.’ கீழே கோயில் முத்திரை. முத்திரையை அழுத்தியதில் ஒரு பக்கம் மை அதிகமாகிவிட்டது, இன்னொரு தாளில் திரும்பவும் எழுதிக் குத்தினார். அதையும் யோசித்துப் பார்த்தால், பொய்யைக்கூட நகல் எடுத்த மனிதர்.

வேறு புத்தகம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, அவர் முதுகுக்குப் பின்னால், பீரோவின் மூன்றாவது தட்டில், பலிபீட விரிப்புகளுக்கு அடியில். அந்தக் காலத்தில் இந்தக் கோயிலுக்கு இரண்டு சபை. பதினோரு மணி ஆராதனை துரைமாருக்கு. காலை ஏழு மணி ஆராதனை தோட்டத்துக் கூலிகளுக்கும் பட்லர்களுக்கும் ஆயாக்களுக்கும். இரண்டு சபைக்கும் இரண்டு புத்தகம். இங்கிலீஷ் புத்தகத்தின் நகல் கப்பலேறி லண்டன் போகும், தமிழ்ப் புத்தகத்தை எவன் கேட்டான். துரைமார் வம்சத்தைத் தேடி வருகிறவர்கள் இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், தமிழில் ஒன்று இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றாது, தோன்றினாலும் படிக்க வராது. ஆனால் வெள்ளைக்காரப் பாதிரி மணம் செய்துவைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு ஆர்தர் துரை ஏழு மணிக் கூட்டத்தில்தான் வந்து நின்றிருக்கிறார். மூன்று ஞாயிறு சபை முன்னால் கல்யாண ஓலை வாசித்திருக்கிறார்கள். நாலாவது வாரம் தமிழ்ச்சபைப் போதகர் முன்னால் கல்யாணம். எழுதி வைத்தவர் உபதேசியார் வேதமுத்து, குண்டு குண்டான எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். 1887 ஜூன். மணமகன் ஆர்தர் ஹெல்மார்ஷ் துரை, வயது இருபத்தேழு. மணமகள் மரியாள், வயது பதினெட்டு, சின்னான் மகள், கொழுந்து பறிப்பு. அதற்கு அடுத்த கட்டம் சாதி. அந்தக் கட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. தியோடர் இந்தப் பதினோரு மாதத்தில் அந்த வரியை மனசுக்குள் எத்தனையோ முறை வாசித்திருப்பார், வயது பதினெட்டு, சின்னான் மகள், கொழுந்து பறிப்பு என்று வந்து அந்தக் கட்டத்தின் வாசலில் நின்றுவிடுவார், தாண்டிக் குதித்து அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். அவர் வீட்டில் தனி டம்ளர் வைத்திருந்த சாதி. சொல்லக்கூட வேண்டாம், டம்ளர் போதும்.

சரி, எவளோ ஒரு மரியாள், எவனோ ஒரு துரை, இதில் தியோடருக்கு என்ன வந்தது? அதே புத்தகத்தில் ஆறு பக்கம் தள்ளி ஒரு ஞானஸ்நானம். பிள்ளையின் பெயர் யோவான் ஞானதிரவியம், தகப்பன் ஆர்தர் துரை, தாய் மரியாள். பக்க ஓரத்தில் பிற்பாடு வேறு மையில் எழுதிய குறிப்பு: தகப்பன் காலமானபடியால் தாயின் சம்மதத்தின்பேரில் உபதேசியார் வேதமுத்து இந்தப் பிள்ளையை வளர்ப்புப் பிள்ளையாக எடுத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். யோவான் ஞானதிரவியம் என்பது தியோடருடைய தாத்தாவின் பெயர். அப்பாவின் அப்பா. வீட்டுக் கூடத்தில் வேதமுத்து உபதேசியார் படத்துக்குக் கீழே தாத்தா படமும் தொங்குகிறது, பூனைக்கண், சிவந்த தோல், அதைப் பற்றி யாராவது கேட்டால் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, “நம்ம வம்சமே அப்படித்தாம்ல, பழைய திருநெல்வேலிக் குடும்பம்லா, ரத்தத்துல கலப்பு கிடையாது,” என்பார். கலப்பு கிடையாது! வேதமுத்து ஆரம்பித்த வம்சம், வேதமுத்துவின் ரத்தத்தில் ஒரு சொட்டுகூட இல்லாத வம்சம். போன வருஷம் கோயில் திருநாளுக்குத் தியோடர் இந்த அறையிலேயே ஒரு பித்தளைப் பலகை வைத்தார், ‘உபதேசியார் வேதமுத்து நினைவாக, அவர் வம்சத்தார்’ என்று. திருநாள் முடிந்த மூன்றாவது வாரம் அம்மையாரின் கடிதம் வந்தது. தேடிப் பார்க்கலாம் என்று புத்தகத்தை எடுத்தார், தேடிக்கொண்டே போனார், தாத்தாவின் பெயரைக் கண்டதும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, அட, நம்ம தாத்தா இங்கேயா ஞானஸ்நானம் எடுத்தார் என்று ஒரு நொடி, முழுசாக ஒரு நொடி, சிரித்தார். அப்பாவுக்குத் தெரிந்திருக்குமா? அரசாங்க உத்தியோகம் கிடைத்து அப்பா இந்த மலைக்கு வந்தபோது, அதே மலை, அதே கோயில், தெரியாமலா இருந்திருக்கும், கல்லறைத் தோட்டத்தில் துரைமார் கல்லறையைத் தாண்டிப் பின்னால் போனால் காதைத் திருகுவாரே, பாம்பு இருக்கும் என்பாரே, பாம்புதானா?

யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வீட்டில் ஆளும் இல்லை. மனைவி எமிலி போய்ச் சேர்ந்துவிட்டாள், பையன் ஆல்வின் கோயம்புத்தூரில் இருக்கிறான். பையன் எப்படி இருக்கான் ஐயா என்று கோயிலில் கேட்பார்கள். நல்லா இருக்கான். கல்யாணம்? இன்னும் ஒண்ணும் அமையலை, பாத்துக்கிட்டு இருக்கோம். இதுவும் ஒரு பொய், மூன்று வருஷமாக வாராவாரம் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது சொல்லும் பொய், சொல்லிச் சொல்லி வழவழத்துப் போனதால் பொய் என்றே தோன்றாத பொய். ஆல்வின் கல்யாணம் செய்துகொண்டுவிட்டான், ரிஜிஸ்டர் ஆபீஸில், ஒரு நர்ஸை. சுகந்தி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். எந்தப் பக்கம்மா என்று தியோடர் கேட்டார், மேல்தோட்டம் லைன் வீடுங்க என்றாள், ஒளிக்காமல், தலையை நிமிர்த்தி. தோட்டத்துக் கூலிகளின் லைன் வீடு என்றதும் போதும், அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று தியோடர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. எமிலி தண்ணீர் கொண்டுவந்தாள், அந்த டம்ளரில். எது எந்த டம்ளர் என்று வந்தவளுக்குத் தெரியாமலா போகும், வாசலுக்கு வெளியே காம்பவுண்டு சுவர்மேல் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதானே உள்ளே வந்தாள். தண்ணீரைக் குடித்தாள். முழுசும் குடித்தாள். வெளியே குழாயில் டம்ளரைக் கழுவி, எடுத்த இடத்திலேயே கவிழ்த்துவிட்டு, வர்றேங்க என்று போனாள். அவள் போன பிறகுதான் தியோடருக்கு வாய் வந்தது. வேதமுத்து உபதேசியார் வம்சம்டா நாம, அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லு, லைன் வீட்டுப் பொண்ணை இந்தப் படத்துக்குக் கீழே நிக்க வைக்கப் போறியா? ஆல்வின் படத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்தான். பூனைக்கண். போய்விட்டான். கடவுளே, எத்தனை சத்தமாகச் சொன்னேன், தெருவுக்கே கேட்டிருக்குமே, அந்த வார்த்தையை, அந்தப் படத்துக்குக் கீழே நின்று, யோவான் தாத்தா பார்த்துக்கொண்டிருக்க, கொழுந்து பறிப்பவள் பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க. நினைக்கும்போதெல்லாம் காது மடல் சுட்டது. இப்போதும் சுட்டது. அம்மையார் பார்த்துவிடுவாரோ என்று காதைத் தடவிக்கொண்டார்.

“டீ ஆறிப்போவுதுங்க ஐயா,” என்று தெபோராள் வந்து நின்றாள். கோயிலைப் பெருக்கித் துடைத்து மணி அடிப்பவள், மேல்தோட்டத்துக்காரி. இரண்டு பீங்கான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் தன்னுடைய எவர்சில்வர் டம்ளரோடு கதவோரம் போய் நின்றுகொண்டாள். தனி டம்ளர் என்று இங்கே யாரும் அவளிடம் சொன்னதில்லை, தியோடர் சொன்னதே இல்லை, அவளாகவே கொண்டுவருகிறாள், யாரும் சொல்லாமலேயே ஒருத்திக்குத் தெரிகிறது என்றால் எத்தனை பேர் எத்தனை வருஷம் சொல்லியிருக்க வேண்டும். அம்மையார் புத்தகத்தை மூடினார். மூடியதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். “நீங்கள் சொன்னது சரிதான், மிஸ்டர் ஞானதிரவியம். ஒன்றும் இல்லை. உங்களை நம்பாமல் வரவில்லை, என் கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன், மன்னியுங்கள்.” மன்னியுங்கள்! தியோடருக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அம்மையார் தோல்பையிலிருந்து ஓர் அச்சடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். அட்டையில் ஹெல்மார்ஷ் குடும்பச் சின்னம், ஏதோ ஒரு பறவை. இது கோயிலுக்கு என் அன்பளிப்பு என்றார். நடுவில் மடித்து வைத்திருந்த பெரிய தாளை விரித்தார், அதுதான் வம்சாவளி, எட்டு வருஷம், முந்நூறு வருஷம், கோடு கோடாக இறங்கிக்கொண்டே போனது. ஆர்தர் என்ற பெயருக்குக் கீழே கோடு இல்லை. இரண்டு சொல் இருந்தது. மணமாகாதவர், சந்ததியற்றவர். “முன்னுரையில் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், பாருங்கள்,” என்று அம்மையார் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. ஆர்தர் ஹெல்மார்ஷ் மணமாகாமல் இறந்தார் என்பதைப் பதிவேடுகளிலிருந்து உறுதிசெய்து உதவியவர், திரு. தியோடர் ஞானதிரவியம். அவர் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறிவிட்டது. தான் பிறக்கவே இல்லை என்று சாட்சி சொன்னவராக ஏறியிருந்தது.

“ஆர்தரின் அப்பா சொன்னதுதான் உண்மை போலிருக்கிறது,” என்றார் அம்மையார், டீயைக் குடிக்காமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு. “யாரோ ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். மனைவி என்று எழுதினால் கௌரவமாக இருக்கும் என்று எழுதிவிட்டார். பாவம், அந்தப் பெண்ணின் பெயர்கூடத் தெரியவில்லை.” வைத்துக்கொண்டிருந்தார். வைப்பு. இதைத் தியோடர் யோசிக்கவே இல்லை. பதினோரு மாதம் எல்லாவற்றையும் யோசித்தார், படத்தை, பலகையை, ஆராதனை முடிந்து படியிறங்கும்போது ஜனங்கள் பார்க்கிற பார்வையை, தன் பெயரை, தன் அப்பா பெயரை, இதை மட்டும் யோசிக்கவில்லை. மறைத்தது அவளுடைய சாதியை என்று நினைத்துக்கொண்டிருந்தார். மறைத்தது அவளுடைய கல்யாணத்தை. மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, நாலு பேர் முன்னால், மோதிரம் மாற்றிக் கட்டிய கல்யாணத்தை. கோயில் முத்திரை குத்தி, தன் கையால், தன் சொந்தப் பூட்டியை ஒரு துரையின் வைப்பு என்று இங்கிலாந்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறார், அதை அவர்கள் அச்சடித்து நன்றியும் சொல்லிவிட்டார்கள். அந்த வெள்ளைக்காரப் பிரபு செய்ததும் இதைத்தானே, படத்தைக் கழற்றினான், தியோடர் முத்திரை குத்தினார். ச்சீ, என்ன மனுஷன் நீ.

தமிழ்ப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அடக்க ஆராதனைப் பதிவுகள் இருக்கும். அதையும் அவர் பார்த்திருந்தார், ஒரே ஒரு தடவை, அதன்பின் பார்க்கத் துணியவில்லை. 1929. மரியாள், வயது அறுபது, கொழுந்து பறிப்பு, ஆர்தர் துரையின் விதவை. அது வேதமுத்து எழுத்து இல்லை, அவர் எப்போதோ போய்விட்டார், யாரோ ஓர் உபதேசியார், பெயர் தெரியாத ஆள், சாய்வான எழுத்து. துரை செத்து நாற்பது வருஷம். மகன் இருந்தும் இல்லாமல், திருநெல்வேலியில் வாத்தியாராகிப் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற மகன் ஒரு தடவையாவது வந்தானா என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, நாற்பது வருஷம் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு அதே மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறாள். அவளை அடக்கம் செய்த நாளில் அந்த உபதேசியாரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கிழவி என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், கூலி என்று எழுதியிருக்கலாம். ஏழு மணிச் சபை மறக்கவில்லை. விதவை என்று எழுதினார்கள். மறுத்தது துரைமார் வீடும் தியோடர் வீடும்தான். சொல்லிவிட்டால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை படியில் நிற்க முடியாது. பலகையைக் கழற்ற வேண்டும். திருநெல்வேலியில் இருக்கிற சித்தப்பா பிள்ளைகள் ஃபோன் போட்டுக் கத்துவார்கள், ஏம்ணே ஒமக்குப் புத்தி பிசகிடிச்சா, பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பாக்கண்டாமா என்பார்கள். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. வெளியே கார் நிற்கிறது, அம்மையார் ஏறிப் போய்விடுவார், இந்த வருஷமோ அடுத்த வருஷமோ இறந்துபோவார், கதை முடிந்தது, ஒன்றுமே ஆகாது. அந்த ஒன்றுமே ஆகாது என்பதுதான் அவரைப் பயமுறுத்தியது. அம்மையார் எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு, கை கொடுக்க நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும். மண் படிந்த நகம். தாத்தாவுடைய அண்ணன்முறை யாருக்கோ மகள், எனக்கு அத்தை முறையோ அக்கா முறையோ, யாருக்குத் தெரியும், இந்தக் கையைப் பிடித்து நன்றியை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

“கொஞ்சம் உட்காருங்கள்,” என்றார். குரல் யாருடையதோ போல இருந்தது. சாவியைப் பையிலிருந்து எடுத்தார், பீரோவைத் திறந்தார், விரிப்புகளைத் தூக்கிப் போட்டார், தெபோராள் அவசரமாக வந்து அவை தரையில் விழாமல் பிடித்துக்கொண்டாள். தமிழ்ப் புத்தகத்தை மேசையில் வைத்துப் பக்கத்தை எடுத்தார். தேடவே வேண்டாம், கை தானாகப் போனது. “இன்னொரு புத்தகம் இருக்கிறது. எனக்குத் தெரிந்திருந்தது. உங்களிடம் பொய் சொன்னேன்.” அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார், எழுத்து புரியாமல் நிமிர்ந்தார். தியோடர் வாசித்தார். முதலில் தமிழில்தான் வந்தது, வேதமுத்து எழுதிய மாதிரியே, மணமகன், மணமகள், வயது, சின்னான் மகள், கொழுந்து பறிப்பு, நின்றார், அந்தக் கட்டம் வந்தது, அதையும் வாசித்தார். வாய்விட்டு வாசித்தார். தெபோராள் கையில் விரிப்போடு அப்படியே நின்றாள். பிறகு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். ஞானஸ்நானத்தை, ஓரக் குறிப்பை, 1929ஐ, ஒவ்வொன்றையும் முதலில் தமிழில் வாசித்து, பிள்ளையின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. அம்மையார் விதவை என்ற சொல் எது என்று கேட்டு, அவர் காட்டிய எழுத்துகள்மேல் விரலை வைத்துக்கொண்டு, “அவர் பொய் சொல்லவில்லை,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் அதையே சொன்னார். கோபம் வரும் என்று தியோடர் காத்திருந்தார், வந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். “அந்தப் பிள்ளை?” என்று கேட்டார் அம்மையார். தியோடர் வாயைத் திறப்பதற்குள் கதவுப் பக்கமிருந்து தெபோராள் குரல் வந்தது. “வேதமுத்து உபதேசியாருன்னா, நான் தினம் புளி போட்டுத் துலக்குறேனே, இந்தப் பலகைக்காரருங்களா? உங்க வூட்டுப் பெரியவருங்களா ஐயா?” அம்மையார் திரும்பிப் பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவர் ஒருவர்தான். அவரே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

அம்மையார் நெடுநேரம் அவர் முகத்தையே பார்த்தார், கண்ணைத்தான் பார்த்தார் என்று தியோடருக்குத் தெரிந்தது, பார்க்கட்டும் என்று இருந்தார். பிறகு பேனாவை எடுத்து, அச்சடித்த இரண்டு சொல்லையும் அடித்தார், பக்கத்தில் மரியாள் என்று எழுதினார், சின்னான் மகள் என்று எழுதினார், அங்கிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். சொல்லுங்கள் என்றார். தியோடர் சொல்லச் சொல்ல எழுதினார். யோவான் ஞானதிரவியம். அவர் மகன் சாமுவேல். அவர் மகன் தியோடர், மனைவி எமிலி, பால்துரை மகள். எல்லாம் நேர்கோட்டில் இறங்கின. அவர் மகன் ஆல்வின். “மணமாகாதவரா?” என்று கேட்டார் அம்மையார், பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தெபோராள் இருக்கிறாள், மேல்தோட்டத்துக்காரி, அவளுக்கு மூன்று வருஷமாக எல்லாம் தெரிந்திருக்கும், அவள் முன்னால்தானே படியில் நின்று அமையலை அமையலை என்று சொன்னோம். இல்லை, மணமாகிவிட்டது என்றார் தியோடர். பெயர் சுகந்தி. அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. “யார் மகள்?” என்றார் அம்மையார், எல்லோருக்கும் கேட்டதுபோலவே. தியோடருக்குத் தெரியவில்லை. சின்னான் பெயர் தெரிகிறது, நூற்று முப்பது வருஷத்துக்கு முந்திய சின்னான், உபதேசியார் கேட்டு எழுதியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. லைன் வீடு என்றதும் ஜன்னலுக்குப் போய்விட்டார். “தெபோராள், அந்தப் பிள்ளையோட அப்பா பேரு உனக்குத் தெரியும்ல?” என்றார். “தெரியும்ங்க,” என்றாள் அவள். விரிப்பை மடித்துக்கொண்டே இருந்தாள், மூலையும் மூலையும் சேர்த்து. “நீங்களே கேளுங்க ஐயா. உங்க மருமவதானுங்க.”

ஃபோனை எடுத்தார். ஆல்வின் நம்பர் இருந்தது, அழிக்கவில்லை, அழைத்ததும் இல்லை. மணி போய்க்கொண்டே இருந்தது, அம்மையார் பேனாவோடு காத்திருந்தார், எடுக்க மாட்டான், எடுக்காவிட்டால் நல்லது, எடுக்க மாட்டான் என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டார்கள். பெண்குரல். “சொல்லுங்க மாமா. அவரு கடைக்குப் போயிருக்காருங்க, ஃபோனை வெச்சிட்டுப் போயிட்டாரு.” ஏதோ நேற்றுத்தான் பேசி வைத்ததுபோல மாமா என்றாள். அவருக்கு அந்தச் சொல்லை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லா இருக்கியாம்மா என்று கேட்டிருக்க வேண்டும், மன்னிச்சிக்கம்மா என்று சொல்லியிருக்க வேண்டும், டம்ளரைப் பற்றி, இதெல்லாம் வரிசையாக வந்து நிற்க, வாயில் வந்தது ஒன்றுதான். “உங்க அப்பா பேரு என்னம்மா?” கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது, இந்தக் கேள்வியை அவரும் அவரைப் போன்றவர்களும் எதற்காகக் கேட்பார்கள் என்று, எதைத் தெரிந்துகொள்வதற்காக இத்தனை காலமும் இந்த ஒரே கேள்வியைச் சிரித்துக்கொண்டே கேட்டுவந்திருக்கிறார்கள் என்று. அவளுக்கா தெரியாது. பிறந்ததிலிருந்து எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்.

“எதுக்குங்க?” என்றாள் சுகந்தி. குரல் மாறியிருந்தது.

“எழுதறதுக்கும்மா,” என்றார் தியோடர்.